சட்டையின் அளவை யார் தீர்மானிப்பது?

ஒரு சட்டையின் அளவில் என்ன அரசியல் இருக்கிறது? கூலி, போனஸ், பட்டா, வீட்டுமனை என்று ஆயிரம் பிரச்னைகள் கிடக்கும்போது கத்தரிக்கோலையும் இஞ்சி டேப்பையும் பற்றி எழுத வேண்டுமா? சில தோழர்கள் இப்படிக் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் உழைப்பாளியின் உடம்பில் படுகிற எதுவும் நமக்கு அற்ப விஷயம் அல்ல. அவன் உண்ணும் சோறு நமக்குப் பிரச்னை என்றால், அவன் குழந்தை உடுத்தும் சட்டையும் நமக்குப் பிரச்னையே. அந்தச் சட்டை கழுத்தில் வழிகிறதா, கக்கத்தில் இறுக்குகிறதா என்பதைத் தீர்மானிப்பது யார்? எந்த உடம்பை மனதில் வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சேர்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அன்று முதல் இன்று வரை, காப்பிப் பழம் பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே. மலையைச் சுற்றிலும் அறுபதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள். அவற்றில் வாழ்பவர்கள் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். எஸ்டேட்டுகளில் தொழிலாளர் குடும்பங்கள். இவர்கள் சாமான் வாங்கவும், பஸ் ஏறவும், கிழிந்ததைத் தைக்கக் கொடுக்கவும் வருகிற இடங்களில் ஒன்று ஒண்டிக்கடை. பெயரில்தான் ஒண்டி. சாலைகள் கூடுகிற இடம் என்பதால் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே நின்று ஏரியையும் மூடுபனியையும் ரசிக்கிறார்கள். அந்தப் பனியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் சட்டையை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

நாம் கவனிப்போம்.

இலவசச் சீருடை என்னும் உரிமை

தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் பள்ளி மாணவர்களுக்கு இலவசச் சீருடை வழங்கும் திட்டம் 1985-ல் வந்தது. 2012-13 கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு ஜோடி என்று ஆயிற்று. மலைப் பகுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும், மழைக்கோட்டும், பூட்ஸும், காலுறையும் கூட உண்டு. சீருடைத் துணியை நெய்வது கூட்டுறவு நெசவாளர்கள். தைப்பது சமூக நலத்துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். அவர்களில் விதவைகளும், கணவனால் கைவிடப்பட்டவர்களும், கூலி வேலையோடு தையலையும் சேர்த்துக் குடும்பத்தை இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இது நல்ல திட்டம். சந்தேகமே வேண்டாம். தறிக்காரனுக்கு வேலை, தையல்காரிக்குக் கூலி, ஏழைப் பிள்ளைக்கு உடை. தனியார் முதலாளிக்கு இடையில் இடமில்லை. இப்படிப்பட்ட திட்டம் நாட்டில் பல இடங்களில் இல்லை. ஆகவேதான் இதை இன்னும் நல்ல திட்டமாக ஆக்க வேண்டும் என்று நாம் பேசுகிறோம். குறை சொல்லி இதை ஒழித்துக்கட்ட விரும்புகிறவர்களோடு நமக்கு உறவில்லை.

குறை எங்கே வருகிறது? அளவில் வருகிறது. சீருடை அளவு சரியில்லை என்ற புகார் பல ஆண்டுகளாக, பல மாவட்டங்களில் கிளம்பியிருக்கிறது. ஒருவனுக்குத் தோள் முழங்கை வரை இறங்குகிறது. இன்னொருவனுக்குப் பொத்தான் போட முடியவில்லை. அம்மா என்ன செய்வாள்? தையல்காரரிடம் கொண்டுபோய்ப் பிரித்துத் தைக்கக் கொடுப்பாள். அதற்குக் கூலி உண்டு. மலைக் கிராமத்திலிருந்து வருவதென்றால் பஸ் செலவும் உண்டு. அரைநாள் வேலையும் போகும். இலவசமாகக் கொடுத்ததை உடுத்துவதற்குக் காசு கொடுக்க வேண்டியதாகிறது! காசு இல்லாதவள் அப்படியே உடுத்தி அனுப்புகிறாள். மழைக்கோட்டின் கை நீண்டு தொங்கினால் பிள்ளை பையைப் பிடிக்க முடியாது. பூட்ஸ் பெரிதானால் சரிவில் கால் வழுக்கும். சமவெளியில் இது அசௌகரியம். மலையில் இது ஆபத்து.

அளவு ஏற்றுவது என்றால் என்ன?

இதற்குக் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், தொழிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மில் தொழிலாளிக்கு நூல் நம்பர் தெரியும்; விவசாயத் தொழிலாளிக்கு நாற்றின் பதம் தெரியும். அதேபோல் தையல் தொழிலுக்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

ஒரே ஆளுக்குத் தைப்பதென்றால், அந்த ஆளை நிற்க வைத்து அளவெடுத்து வெட்டிவிடலாம். ஆயிரம் பேருக்குத் தைப்பதென்றால் அப்படி முடியாது. முதலில் நடுத்தரமான ஓர் அளவுக்குக் காகிதத்திலோ அட்டையிலோ வெட்டு தயாரிக்கிறார்கள். இதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அதைத் தைத்துப் பார்த்துச் சரி செய்கிறார்கள். பிறகு அந்த ஓர் அட்டையிலிருந்தே அதைவிடப் பெரிய அளவுகளையும் சிறிய அளவுகளையும் கிளப்புகிறார்கள். திருப்பூர் கம்பெனிகளில் இதைக் கிரேடிங் என்கிறார்கள். நாம் அளவு ஏற்றுதல், இறக்குதல் என்று சொல்லலாம்.

ஏற்றுவது என்றால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெரிதாக்குவதா? இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

28 அங்குல மார்புச் சட்டையை 30 அங்குலமாக ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவில் 2 அங்குலம் கூட வேண்டும். முன்பக்கம் இரண்டு பாதி, பின்பக்கம் இரண்டு பாதி. ஆக நான்கு பங்கு. ஒவ்வொரு பங்குக்கும் பக்கவாட்டில் அரை அங்குலம். ஆனால் தோளில் அரை அங்குலம் ஏற்றினால் தோள் சரிந்துவிடும். அங்கே ஏறக்குறையக் கால் அங்குலம் போதும். கழுத்திலோ அதிலும் பாதி. கை வளைவின் ஆழத்துக்கு ஒரு கணக்கு, கை நீளத்துக்கு ஒரு கணக்கு, சட்டை நீளத்துக்கு ஒரு கணக்கு. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி விதி.

ஏன்? மனித உடம்பு அப்படி வளர்வதில்லை என்பதனால்தான். பிறந்த குழந்தையின் தலை அதன் உயரத்தில் நாலில் ஒரு பங்கு. வளர்ந்த மனிதனின் தலை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. கை கால்கள் வேகமாக நீள்கின்றன. கழுத்து மெதுவாகப் பருக்கிறது. 24 அங்குல மார்புள்ள குழந்தைக்குக் கழுத்து சுமார் 11 அங்குலம். 36 அங்குல மார்புள்ள வாலிபன் அதுபோல ஒன்றரை மடங்கு. அவன் கழுத்தும் ஒன்றரை மடங்காக இருந்தால் 16½ அங்குலம் இருக்க வேண்டும். உண்மையில் சுமார் 14 அங்குலம்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கினால், சட்டைக்குள் இன்னொரு பிள்ளையின் தலையும் நுழையும்!

"வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே இருக்கட்டும்" என்று நம் தாய்மார்கள் சொல்வதுண்டு. அது வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனம். அதை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆனால் வளர்ச்சிக்கு இடம் விடுவது வேறு. வெட்டே தப்பாக இருப்பது வேறு. கீழ் மடிப்பிலும் கை மடிப்பிலும் பக்கத் தையலிலும் துணியை உள்ளே விட்டுத் தைத்தால், அடுத்த ஆண்டு பிரித்து இறக்கிக்கொள்ளலாம். கழுத்தும் தோளும் பொருந்தாத சட்டையை எப்படிப் பிரித்தாலும் சரிவராது. துணிக் கணக்கையும் பாருங்கள். நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் அகலத்தில் பத்தில் ஒரு பங்கும் கூட்டினால் துணிச் செலவு பத்தில் ஒரு பங்கு கூடும் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. நூற்றுக்கு 21 பங்கு கூடுகிறது. ஐந்து சட்டைக்கு ஒரு சட்டைத் துணி வீண்! எல்லோருக்கும் பெரிதாகவே தைத்துவிடுவோம் என்பது சிக்கனமும் அல்ல, கருணையும் அல்ல. ஊரார் நெய்த துணியைப் பாழாக்குவது.

யாருடைய உடம்பை அளந்தார்கள்?

சரி, விதி இருக்கிறது. அந்த விதி எங்கிருந்து வந்தது? யாரோ ஒரு காலத்தில் யாரையோ அளந்திருக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை அடிமை முறையை ஒட்டி உள்நாட்டுப் போர் நடந்தது. வடபுலச் சேனைக்கு லட்சக்கணக்கில் யூனிபாரம் தைக்க வேண்டி வந்தது. சிப்பாய்களை அளந்தபோது, சில அளவுகள் சேர்ந்து சேர்ந்து வருவதைக் கண்டார்கள். இன்ன மார்புக்கு இன்ன இடுப்பு, இன்ன கை நீளம் என்று கணக்குக் கிடைத்தது. போர் முடிந்த பிறகு ஆண்களின் ஆயத்த ஆடை வியாபாரத்துக்கு அதுவே அஸ்திவாரம் ஆயிற்று. அதே போர்க் காலத்தில், 1863-ல், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் ஒரே மாதிரியைப் பல அளவுகளில் காகித வெட்டாக விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பு காகித வெட்டு ஒரே அளவில்தான் கிடைத்தது. வாங்குகிறவர்கள் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தையல்காரனின் மூளை வீட்டிலிருந்து தைக்கும் லட்சக்கணக்கான பெண்களின் சுமையைக் குறைத்தது. அவர் அதை வைத்துப் பெரிய கம்பெனி கட்டினார் என்பது வேறு கதை.

பெண்களை அளந்தது பிறகு. 1939-40-ல் அமெரிக்க விவசாய இலாகா ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள்! எவ்வளவு பெரிய வேலை! ஆனால் கேளுங்கள்: அந்தக் கணக்கில் வெள்ளைக்காரப் பெண்களின் அளவுகளை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். நீக்ரோப் பெண்ணின் உடம்பு கணக்கில் இல்லை. வயலிலும் வீட்டிலும் அவளுடைய முதுகு உழைப்புக்கு வேண்டியிருந்தது. அளவுப் பட்டியலுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த அளவுகளை ஆதாரமாகக் கொண்டு 1958-ல் வியாபார அளவுத் தரம் ஒன்று வெளியாயிற்று. நடைமுறைக்கு ஒவ்வாமல் 1983-ல் அதை வாபஸ் வாங்கினார்கள்.

அதே இலாகா குழந்தைகளையும் அளந்தது. நாடு முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1930-களின் பிற்பகுதியில், நிவாரண வேலைத் திட்டத்தின் உதவியோடு ஏறக்குறைய 1,47,000 குழந்தைகளை அளந்தார்கள். அதிலிருந்து கிடைத்த பாடம் நமக்கு முக்கியமானது. குழந்தையின் உடைக்கு வயது சரியான அளவுகோல் அல்ல. உயரத்தையும் இடுப்புச் சுற்றையும் கொண்டு அளவு பிரிப்பதே மேல். பத்து வயது என்று சொன்னால் எந்தப் பத்து வயது? பால் குடித்து வளர்ந்த பத்து வயதா, கஞ்சி குடித்து வளர்ந்த பத்து வயதா?

நம் நாட்டில் என்ன நடந்தது? பல பத்தாண்டுகளாக இந்திய உடம்புக்கென்று சொந்தமான அளவுப் பட்டியலே இல்லாமல், வெளிநாட்டு அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் தைத்துக்கொண்டிருந்தோம். உலகத்துக்குப் பனியன் தைத்து அனுப்பும் திருப்பூரில்கூட, வெளிநாட்டு வியாபாரி அனுப்பும் அளவுச் சீட்டின்படிதான் கத்தரி ஓடும். 2018-ல் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவில் நிஃப்ட் என்ற ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் இந்திய அளவுப் பட்டியல் தயாரிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஆறு நகரங்களில் 25,000 பேரைக் கம்ப்யூட்டர் கருவியால் அளப்பது என்று திட்டம். வரவேற்கிறோம். ஆனால் அந்த ஆறு நகரங்கள் எவை? டில்லி, பம்பாய், கல்கத்தா, ஐதராபாத், பெங்களூர், ஷில்லாங். நாட்டின் பனியனில் பெரும்பகுதியைத் தைக்கும் தமிழ்நாட்டில் ஒரு நகரம்கூட இல்லை. வயது வரம்பு 15 முதல் 65 வரை. அப்படியானால் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள்? அவர்கள் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள். சீருடை உடுத்துகிறவர்கள் ஒருவர், அளக்கப்படுகிறவர்கள் வேறொருவர்.

வறுமை உடம்பில் எழுதும் கணக்கு

"எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதானே வளர்கிறார்கள்? வகுப்பைச் சொன்னால் அளவைச் சொல்லிவிடலாமே" என்று ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் நினைக்கலாம். இது தவறு.

2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 25 பேர். நாட்டின் சராசரியைவிட நம் மாநிலம் மேல் என்று திருப்திப்படலாமா? நாலு பிள்ளைக்கு ஒரு பிள்ளை என்றால் அது சின்ன எண்ணிக்கையா? இந்தப் பிள்ளைகள் பிறவியிலேயே குட்டையானவர்கள் அல்ல. தாயின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கிய பட்டினி, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, நல்ல தண்ணீர் இல்லாமை ஆகியவை எலும்பின் நீளத்தைத் தின்றுவிடுகின்றன.

இது புதிய செய்தியும் அல்ல. 1867-ல் வெளியான 'மூலதனம்' நூலில், வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தின் ஓர் அடிக்குறிப்பில், காரல் மார்க்ஸ் பிரெஞ்சு ராணுவத்தின் கணக்கு ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். காலாட்படையில் சேரக் குறைந்தபட்ச உயரம் 1789 புரட்சிக்கு முன்பு 165 சென்டிமீட்டராக இருந்தது. 1818-ல் அதை 157 ஆக்கினார்கள். 1832-ல் 156. மற்ற காரணங்களும் இருக்கலாம். ஆனால் உழைப்பாளி மக்களின் வாழ்க்கை நிலை அவர்களுடைய உயரத்தில் தெரியும் என்பதை மார்க்ஸ் அங்கே சுட்டிக்காட்டினார். சர்க்காருடைய அளவுகோலே சாட்சி சொல்கிறது!

ஆகவே வயதை வைத்தும் வகுப்பை வைத்தும் அளவு ஒதுக்கினால் என்ன ஆகும்? வயிறாரச் சாப்பிட்ட பிள்ளைக்குச் சட்டை பொருந்தும். சாப்பாடு கிடைக்காத பிள்ளைக்குத் தொங்கும். சட்டை யாருக்கு அவசியமோ, அவனுக்குத்தான் அது பொருந்தாமல் போகும். நகரத்துப் பிள்ளைக்கு வேறு சட்டை உண்டு. எஸ்டேட் லயத்துப் பிள்ளைக்கும், மலைக் கிராமத்துப் பிள்ளைக்கும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அந்தச் சட்டைதான் சட்டை. சக மாணவர்கள் சிரிக்கிறார்கள் என்று பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளையை நாம் அறிவோம். ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதற்காகவே சீருடை. பொருந்தாத சீருடையோ அந்த வித்தியாசத்தைத் தோளில் தொங்கவிட்டுக் காட்டுகிறது.

பெரியவர்கள் விஷயமும் இதுதான். 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளியைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்கும்படி முதலாளிகளுக்கு உத்தரவிட்டு மாநில அரசு விதி செய்யலாம் என்று இருந்தது. எத்தனை, எந்த வகை என்று விதி செய்யலாம் என்றது அந்தச் சட்டம். எந்த அளவு என்று பேசவில்லை. ஆண் அளவில் தைத்த மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பை கட்டி, சரிவில் நின்று பழம் பறிக்கும் பெண்ணின் சிரமத்தைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போது அந்தச் சட்டமே தனியாக இல்லை. 2020-ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அதைக் கரைத்து, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புதிய விதிகள் எழுதப்படும் காலத்தில் 'பொருந்தும் அளவில்' என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்க்கும்படி தோட்டத் தொழிற்சங்கங்கள் கேட்டால், அதற்கு எந்தச் செலவும் இல்லை, பலனோ பெரிது.

தைப்பவளின் பங்கு என்ன?

இதுவரை உடுத்துகிறவர்களைப் பற்றிப் பேசினோம். தைப்பவளைப் பற்றியும் பேச வேண்டும். இருவரும் ஒரே வர்க்கம். பல வீடுகளில் இருவரும் தாயும் பிள்ளையும்தான்.

முன்பு ஒரு தையல்காரனுக்கு அளவெடுக்கவும் தெரியும், வெட்டவும் தெரியும், தைக்கவும் தெரியும். உடம்பைப் பார்த்தே, 'இவனுக்கு ஒரு தோள் இறக்கம்' என்று சொல்லிவிடுவான். பெரிய கம்பெனி என்ன செய்தது? அந்த அறிவைத் துண்டு போட்டது. பேட்டர்ன் மாஸ்டர் ஓர் அறையில், கம்ப்யூட்டருக்கு முன்னால். கட்டிங் மாஸ்டர் வேறோர் இடத்தில். மிஷின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் நாள் முழுவதும் ஒரே கை ஓரத்தை அடித்துக்கொண்டே இருக்கிறாள். பத்து வருஷம் வேலை செய்தாலும் ஒரு முழுச் சட்டையை வெட்ட அவளுக்குத் தெரியாது. நூற்பு மில்லில் கண்ட அதே கதைதான். அறிவு மெஷினுக்கும் ஆபீசுக்கும் போய்விடுகிறது. தொழிலாளியிடம் கையும் காலும் மட்டும் மிஞ்சுகின்றன. கூலி பேசும்போது "உனக்கு என்ன தெரியும்? வெளியில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள்" என்று சொல்ல அது வசதியாகிறது.

தமிழ்நாட்டில் தையல் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலி உயர்வை 2014 டிசம்பரில் அறிவித்தபோது முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016 ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. கைக்கு வர வேண்டிய காசுக்கு எத்தனை இழுபறி!

கூட்டுறவுச் சங்கத்தில் முதலாளி இல்லை. ஆகவே அங்கே வழி வேறாக இருக்க முடியும், இருக்க வேண்டும். அளவு ஏற்றும் கலை ஒன்றும் மந்திர வித்தை அல்ல. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு தெரிந்தால் போதும். ஓர் அட்டை, ஓர் அடிக்கோல், ஒரு பென்சில், சில வாரப் பயிற்சி. இதைச் சங்க உறுப்பினர்கள் கற்றுக்கொண்டால், மேலேயிருந்து வரும் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். தங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளின் உடம்புக்கு ஏற்ற அட்டையைத் தாங்களே கிளப்பிக்கொள்ளலாம். பெரிய அளவின் கை வளைவுக்குப் பக்கத்தில் கிடக்கும் இடைவெளியில் சிறிய அளவின் காலரைப் பொருத்தி வெட்டினால் துணியும் மிச்சமாகும். மலையில் தைக்கத் தெரிந்த பெண்கள் இல்லையா? இருக்கிறார்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்து வேலை இல்லாத மாதங்களில் அவர்களுக்கு இது பிழைப்பும் ஆகும். கீழே சேலத்திலிருந்து மூட்டை ஏறி வரும் சட்டை, ஒண்டிக்கடைப் பக்கத்திலேயே தயாராகலாம்.

கூலியிலும் ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது. 36 அங்குலச் சட்டையின் தையல் நீளமும் 24 அங்குலச் சட்டையின் தையல் நீளமும் ஒன்றா? நூலும் கூட, நேரமும் கூட. அளவு ஏறினால் கூலியும் ஏற வேண்டாமா? பள்ளிக்குப் போய் நூறு பிள்ளைகளை அளந்து எழுதுவது ஒரு நாள் உழைப்பு இல்லையா? அதற்குக் கூலி கொடுக்காமல், 'சேவையாகச் செய்' என்றால் அவசரத்தில் உத்தேசமாக எழுதிப் போகத்தான் நேரும். கூலி இல்லாத அளவெடுப்பில் துல்லியம் எப்படி வரும்?

நாம் கேட்பது என்ன?

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இயக்கமா என்று கேட்காதீர்கள். பெரிய கோரிக்கைகளுக்கு நாம் திரட்டும் அதே மக்கள்தான் இந்தச் சிறிய கஷ்டத்தைத் தினந்தோறும் காலையில் பிள்ளைக்கு மாட்டி அனுப்புகிறார்கள். அந்தத் தாயிடம் போய் இதைப் பற்றிப் பேசுங்கள். அவள் காது கொடுப்பாள்.

ஆகவே ஏற்காடு வட்டாரத்திலும், கல்வராயன், கொல்லிமலை போன்ற பிற மலைப் பகுதிகளிலும் நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை:

முதலாவது: ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆண்டுதோறும் நேரில் அளக்க வேண்டும். பெண் பிள்ளைகளைப் பெண் தொழிலாளர்களே அளக்க வேண்டும். வயதையும் வகுப்பையும் வைத்து அளவு ஒதுக்கக் கூடாது. உயரத்தையும் சுற்றளவையும் வைத்தே ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது: கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ் ஆகியவற்றுக்கும் இதே முறை வேண்டும். அவை மழைக்கும் குளிருக்கும் முன்பே கைக்கு வர வேண்டும்.

மூன்றாவது: கீழ் மடிப்பிலும் பக்கத் தையலிலும் வளர்ச்சிக்குப் போதிய துணி விட்டுத் தைக்க வேண்டும். பொருந்தாத உடையைச் செலவில்லாமல் மாற்றிக்கொள்ள ஊர் அருகில் இடம் வேண்டும்.

நான்காவது: மலை மேலேயே மகளிர் தையல் கூட்டுறவு அமைப்பை வளர்க்க வேண்டும். அதன் உறுப்பினர்களுக்கு வெட்டவும் அளவு ஏற்றவும் பயிற்சி கொடுக்க வேண்டும். அளவெடுக்கும் நாளுக்கும் கூலி, அளவுக்கு ஏற்பத் தையல் கூலி.

ஐந்தாவது: நாடு தழுவிய அளவுக் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகளையும், தமிழ்நாட்டுத் தொழிலாளர்களையும், மலைவாழ் மக்களையும் சேர்க்க வேண்டும்.

இதில் எதுவும் ஆகாயத்துச் சந்திரனைக் கேட்பது அல்ல. துணி இருக்கிறது, தறி இருக்கிறது, தைக்கும் கைகள் இருக்கின்றன, திட்டமும் சட்டமாக நடக்கிறது. குறைவது அளவெடுக்கும் அக்கறை மட்டுமே. அந்த அக்கறை தானாக மேலிருந்து இறங்கி வராது. மாதர் சங்கத் தோழர்களும், தோட்டத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் பள்ளி திறக்கும் முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். ஆளுக்கொரு இஞ்சி டேப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில், பெற்றோரையும் ஆசிரியரையும் கூட வைத்துக்கொண்டு, எத்தனை பிள்ளைக்குச் சட்டை பொருந்துகிறது, எத்தனை பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று எண்ணி எழுதுங்கள். உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள். பொருந்தாத சட்டையின் கணக்கு, பட்டினியின் கணக்காகவும் இருக்கும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளைப் பார்ப்போம். வெறும் புகாரைத் தட்டிக் கழிக்கலாம். பெயரும் அங்குலமும் எழுதிய நோட்டைத் தட்டிக் கழிப்பது அவ்வளவு சுலபமல்ல.